பெரட்டும் பொட்டும்: பழைய கணினித் திரையில் தோட்டத்துச் சொற்கள்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் 1987, 1988ஆம் ஆண்டுகளில் நாம் திரட்டிய சொற்கள் முதலில் அட்டைகளில் இருந்தன. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே சொல், அதன்கீழ்ப் பொருள், அடியில், அச்சொல்லை ஆண்டவரின் வாயிலிருந்து வந்தபடியே ஒரு வாக்கியம். 1993இல் நம் மாணவர் ஒருவர் தாமே எழுதிய நிரலைக் கொண்டு அவ்வட்டைகள் அனைத்தையும் கணினியில் ஏற்றினார். பின்னர் வீடு மாறியபோது அட்டைப் பெட்டிகளைக் கொட்டகையில் வைத்தோம். கறையான் அவற்றை முடித்துவிட்டது. எஞ்சியது மூன்றரை அங்குல நெகிழ்வட்டு ஒன்றே. ஓய்வு பெற்ற பின் அவ்வட்டைத் திறக்க முயன்றோம். அம்முயற்சியில் நாம் கற்றதை இங்கே கூற விரும்புகிறோம். அதில் மொழியியலைக் காட்டிலும் கணினி விளையாட்டுகளின் வரலாறு மிகுதியாக வரும்; அவையோர் பொறுத்தருள வேண்டும்.

அச்சொற்கள் எத்தகையவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். விடியுமுன் தொழிலாளர் கூடி ஆளெண்ணிக்கை எடுக்கும் நிகழ்ச்சி பெரட்டு. ஆங்கிலத்துப் 'பரேட்' தோட்டத்து நாவில் பெற்ற வடிவம் அது. இலங்கை மலையகத்திலும் இச்சொல் உண்டு. மரத்தில் கட்டிய பால் ஏந்தும் கிண்ணம் மங்கு. மரத்தோடு ஒட்டி உறைந்தது ஒட்டுப்பால். வாளிகளைத் தோளில் தாங்கும் கம்பு காண்டா. தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் ஆயாக் கொட்டகை. கிராணி, மண்டோர், லயம் ஆகியவற்றை இன்றைய மாணவர் கதைகளிலாவது கண்டிருப்பர். ஆனால் ஒரு சொல் அகராதியில் கிடைப்பது வேறு, அதை ஒருவர் எந்த மூச்சில், எந்தச் சினத்தில், எந்த நகைப்பில் ஆண்டார் என்பது வாக்கியத்தோடு கிடைப்பது வேறு. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், லாபு பக்கத்தில் செம்பனையும் போய் வீட்டு மனைகள் வந்தன. பேசியோர் சிதறினர், பலர் மறைந்தனர். அவ்வாக்கியங்களை இனி ஒருவர் புதிதாகத் திரட்ட இயலாது.

இனி, கணினித் திரையைப் பற்றி. ஐபிஎம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனியாள் கணினியும் அதைப் பின்பற்றியவையும் திரையை இருவகையாக ஆண்டன. ஒன்று எழுத்து முறை. மற்றது வரைகலை முறை. எழுத்து முறையில் திரை எண்பது நெடுவரிசையும் இருபத்தைந்து கிடைவரிசையும் கொண்ட கட்டப்பலகை. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. எழுத்துகளின் வடிவம் திரையட்டையின் சில்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். நிரல் '65' என்று சொன்னால் போதும்; திரையட்டை 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தைக் காட்டிவிடும். வரைகலை முறையிலோ திரைக்கு எழுத்தே தெரியாது. அதற்குத் தெரிந்தவை புள்ளிகள். 1987இல் வந்த விஜிஏ அட்டையில் 640க்கு 480 என 3,07,200 புள்ளிகள். எந்தப் புள்ளி எந்த நிறம் என்று நிரல்தான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

எழுத்து முறையில் தமிழ் அடங்கவில்லை. கட்டத்தின் அகலம் ஏறத்தாழ எட்டுப் புள்ளி. ஆங்கிலத்தின் 'ஐ'யும் 'டபிள்யு'வும் அதில் எப்படியோ பொருந்திக்கொண்டன. நம் ணகரத்தின் மூன்று சுழிகளையும் இறங்குகோட்டையும், கோட்டுக்குக் கோடு இடைவெளி விட்டு, எட்டுப் புள்ளிக்குள் வரைந்து பாருங்கள். வகுப்பில் மாணவர்க்குக் கட்டத்தாளைக் கொடுத்து இதைச் செய்யச் சொல்லலாம், நல்ல பயிற்சி. சுழி ஒன்று காணாமற்போய் ணகரம் னகரமாகிவிடும். இரு கட்டங்களைச் சேர்த்து ஓர் எழுத்தாக்கலாம்; அப்போது எண்கள் போதா. ஆகவே தமிழைத் திரையில் காட்ட விரும்பியோர் பெரும்பாலும் வரைகலை முறைக்கே சென்றனர். கனடாவிலிருந்து 1984இல் வந்த ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு ஆகியவை இத்துறையின் முன்னோடிகள். அக்காலக் கணினிக்கு ஆங்கிலம் எழுத்து, தமிழ் படம். கணினியில் படம் வரைவோர் வேறு யார்? விளையாட்டு எழுதுவோர். அகரம் வரைந்தவரும், அரண்மனையில் தாவிக் குதிக்கும் பாரசீக இளவரசனை வரைந்தவரும் ஒரே வாயிலில் நின்று ஒரே நினைவகத்தில் புள்ளி வைத்தனர்.

புள்ளி வைப்பதும் எளிதன்று. விஜிஏவின் பதினாறு நிற முறையில் ஒரு புள்ளிக்கு நான்கு பிட்டுகள்; அந்நான்கும் நினைவகத்தில் அடுத்தடுத்து இரா; நான்கு தளங்களில் பிரிந்திருக்கும். ஹெர்குலிஸ் அட்டைக்குக் கணக்கு வேறு, ஈஜிஏவுக்கு வேறு. இத்தொல்லையை ஒவ்வொரு நிரலரும் படாதிருக்க, 'கோடு வரை', 'புள்ளி வை' என்ற கட்டளைகளை மட்டும் ஏற்று, எஞ்சியதைத் தானே பார்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு ஒன்று வேண்டும். அதனை வரைகலை நிரலகம் என்போம். போர்லண்ட் நிறுவனம் தன் டர்போ பாஸ்கல் மொழியோடு இத்தகைய நிரலகம் ஒன்றை வழங்கியது. அதற்கு 'பிஜிஐ' என்று பெயர். ஒவ்வொரு வகைத் திரையட்டைக்கும் ஒரு சிறு இயக்கிக் கோப்பு தனியே இருக்கும். நிரல் தொடங்கும்போது உரிய கோப்பைத் தேடி ஏற்றிக்கொள்ளும்.

நம் மாணவர் 1992இல் வெளிவந்த டர்போ பாஸ்கல் ஏழாம் பதிப்பில் எழுதினார். ஒவ்வோர் எழுத்தையும் பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில் கையால் வரைந்து, அவ்வடிவங்களை நிரலுக்குள்ளேயே பொதித்தார். ஓய்வு வேளையில் அதே கணினியில் இளவரசன் விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பார். பல்கலைக்கழகக் கணினியில் விளையாட்டா என்று நாம் அவரைக் கடிந்துகொண்டதுண்டு. இன்று அக்கடுமொழியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கையில் ஓர் இடர் வந்தது. மொத்தம் 256 எண்கள். முதற்பாதி ஆங்கிலத்துக்குப் போனால் மிஞ்சுவது 128. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி மெய் 18, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் 72, கால், இருவகைக் கொம்பு, ஐகாரக் குறி ஆக 4. கூட்டினால் 125. தோட்டத்துச் சொற்களுக்கு 'ஸ்டோர்' வேண்டும், 'ஆஸ்பத்திரி' வேண்டும், 'ஜாமான்' வேண்டும். ஜ, ஜ், ஸ, ஸ், ஷ ஐந்துக்கும் இடம் தேடினார் மாணவர். ஒளகாரத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து ஓரிடம் மிச்சப்படுத்தினார். இன்னும் ஓரிடம் குறைந்தது. "ஐயா, ஙி, ஙீ, ஙு, ஙூ நான்கும் எந்தச் சொல்லிலும் வரவில்லையே, எடுத்துவிடலாமா?" என்றார். நெடுங்கணக்கைக் குறைக்கலாகாது என்று நாம் மறுத்தோம். அவர் நம்மோடு வாதாடாமல், ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டார். அந்தப் புள்ளிக்கட்டத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவம். படிப்போர்க்கு இடர் இல்லை. ஏட்டுச் சுவடியிலும் அப்படித்தானே இருந்தது என்று நாமும் ஒப்புக்கொண்டோம். அதன் விலையைப் பின்னர்க் காண்பீர்கள்.

இன்றைய கணினியில் அவ்வட்டைச் செருக முதலில் வெளியிணைப்புக் கருவி ஒன்று வாங்க நேர்ந்தது. கோப்புகள் நலமாக இருந்தன. தரவுக் கோப்பைத் திறந்தால் விளங்காத குறிகளின் கூட்டம். நிரலை இயக்கினால் 64 பிட்டு விண்டோஸ் அதனை ஏற்க மறுத்தது. பதினாறு பிட்டு டாஸ் நிரல்களை அவ்வியங்குதளம் அறவே இயக்காது. ஆகவே மெய்நிகர் இயந்திரத்தை நாடினோம். இன்றைய கணினிக்குள் ஒரு நிரல், தன்னைப் பழைய கணினி ஒன்றாகக் காட்டிக்கொள்ளும்; அதற்குள் பழைய இயங்குதளத்தை நிறுவலாம். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீடாஸ் நிறுவினோம். நிரல் பெயரைத் தட்டினோம். திரையில் ஒரே வரி: இயக்கப் பிழை 200, பூச்சியத்தால் வகுத்தல்.

நம் நிரலில் வகுத்தலே இல்லை. தேடிய பின்னரே புரிந்தது. டர்போ பாஸ்கலின் திரைப் பகுதி, தொடங்கியவுடன் கணினியின் வேகத்தை அளக்கும்: கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது 55 மில்லிநொடிக்குள், வெற்றுச் சுழற்சி எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணி 55ஆல் வகுக்கும். விடை 65,535க்குள் அடங்கும் என்று நம்பி எழுதியிருந்தனர். 1992இல் அது நியாயமான நம்பிக்கை. செயலிகள் 200 மெகாஹெர்ட்சைத் தாண்டிச் சென்றபோது விடை அடங்காமல் வழிந்தது; செயலி அதையும் வகுத்தற்பிழை என்றே அறிவித்தது. மெய்நிகர் இயந்திரம் உருவத்தில்தான் பழையது. கட்டளைகளை இன்றைய செயலியே நேராக நிறைவேற்றுவதால், வேகம் இன்றைய வேகம். கிழவரின் சட்டையை இளைஞர் போட்டுக்கொண்டது போன்ற நிலை.

வழி இரண்டு இருந்தன. நிரலின் அந்தப் பகுதியைத் திருத்தும் ஒட்டுகள் கிடைத்தன; அல்லது கணினியைச் சோம்பலாக்க வேண்டும். மூலத்தில் கை வைக்கலாகாது என்பது பதிப்புத் தொழிலில் நாம் கற்ற முதற்பாடம். எனவே இரண்டாம் வழியைத் தேர்ந்தோம். அவ்வழியில் கிடைத்ததே டாஸ்பாக்ஸ்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தபோது இல்லங்களிலிருந்து டாஸ் விடைபெற்றது. பழைய விளையாட்டுகள் புதிய இயங்குதளத்தில் ஒலியின்றி, நிறம் குழம்பி, அல்லது அறவே ஓடாமல் நின்றன. 2002இல் டச்சு நாட்டு நிரலர் இருவர் வெளியிட்ட டாஸ்பாக்ஸ் பழைய செயலியின் ஒவ்வொரு கட்டளையையும் தானே படித்து, தானே நடித்துக் காட்டும். எனவே அதன் வேகம் நம் கையில் உள்ளது. ஒரு மில்லிநொடிக்கு 3,000 கட்டளை என்று சொன்னால் அவ்வளவே செய்யும். திரையட்டையையும் தேர்ந்துகொள்ளலாம்: ஹெர்குலிஸ், சிஜிஏ, ஈஜிஏ, விஜிஏ. பழைய நிரல் பழைய அட்டையின் நினைவகத்தில் புள்ளி வைப்பதாக நம்பும். டாஸ்பாக்ஸ் அப்புள்ளிகளைத் திரட்டி, சாம் லாண்டிங்கா 1998இல் தொடங்கிய எஸ்டிஎல் என்னும் நிரலகத்தின் வழியே இன்றைய திரையில் வரையும். ஒரு நிரலகத்தின் சொல்லை இன்னொரு நிரலகத்தின் சொல்லாக மாற்றித் தருவது. மொழிபெயர்ப்பு என்றே நாம் இதனைக் கொள்கிறோம்.

விளையாட்டு ஆர்வலர் இதோடு நிற்கவில்லை. 1996இல் வூடூ அட்டையோடு வந்த முப்பரிமாண நிரலகம் கிளைடு. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் அட்டையில் மட்டுமே அது பேசும். அந்நிறுவனம் 2000இன் இறுதியில் தன் உடைமைகளை என்விடியாவுக்கு விற்க முன்வந்தது. கிளைடு அறிந்த அட்டை சந்தையிலிருந்து மறைந்தது. அதை நம்பி எழுதிய விளையாட்டுகள் என்னாவது? கிளைடின் கட்டளைகளைப் பெற்று டைரக்ட்எக்ஸ் கட்டளைகளாக்கித் தரும் இடைநிரல்களை ஆர்வலர் எழுதினர். மெய்நிகர் இயந்திரத்துக்குள் விண்டோஸ் 98 நிறுவினால் அதற்கேற்ற முப்பரிமாண இயக்கி கிடைப்பது அரிது. அதற்கும், பிரையன் பால் 1993இல் தொடங்கிய மேசா நிரலகத்தை அடிப்படையாகக் கொண்டு, சாஃப்ட்ஜிபியு போன்றவற்றைச் செய்தனர். இவ்வளவு உழைப்பும் சிறுவயதில் ஆடிய ஆட்டத்தை மீண்டும் ஆடுவதற்காக. எவரும் ரந்தாவ் தோட்டத்து அகராதியை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. ஆயினும் நம் வட்டு திறந்தது அவர்கள் உழைப்பினால்தான்.

டாஸ்பாக்ஸிலும் முதல் முயற்சியில் திறக்கவில்லை. பிழை 200 மறைந்தது. இம்முறை வரைகலை தொடங்கவில்லை என்ற அறிவிப்பு. இயக்கிக் கோப்பு வட்டிலேயே இருந்தது. நிரல் அதனை அங்கே தேடவில்லை. மாணவர் தம் கணினியில் அக்கோப்பு இருந்த இடத்தை, 'சி' வட்டில் 'டிபி' என்னும் உறையினுள் 'பிஜிஐ' என்னும் உறை என்று, நிரலிலேயே எழுதிவைத்திருந்தார். முப்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு மேசைக் கணினியின் உள்வீட்டு முகவரி அது. அதே பெயரில் உறைகளை உண்டாக்கி, கோப்பை அங்கு வைத்தோம். திரை கறுத்தது. நீலப் பின்னணியில், சற்றே கோணலான தமிழில், 'சொற்பட்டி' என்ற தலைப்பு எழுந்தது. முதல் பதிவு 'அடைகாடு'. அடுத்த நாள் விடியும்வரை நாம் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஆசிரியர்களிடம் இவ்வகை வட்டு இருந்தால் ஒரு சொல்: தரவை மட்டும் படியெடுத்து நிரலை எறிந்துவிடாதீர்கள். நிரலும் இயக்கியும் எழுத்துருவும் உடனிருந்தால்தான் தரவு வாய் திறக்கும். தொண்ணூறுகளில் விண்டோஸில் தட்டச்சான பள்ளி மலர்களுக்கும் கோயில் மலர்களுக்கும் இது பொருந்தும். அவற்றுக்கு மெய்நிகர் இயந்திரம் வேண்டாம், எழுத்துரு கிடைத்தால் போதும்.

திரையில் படிப்பது வேறு; ஒருங்குறிக்கு மாற்றுவது வேறு. பழைய நிரல் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை வைத்தது: முதலில் கொம்பு, பிறகு மெய். ஒருங்குறி ஒலிக்கும் வரிசையில் வைக்கும்: முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. கொம்பை முன்னே கொண்டுபோய் வரையும் வேலையை இன்று ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு நிரலகங்கள் செய்கின்றன. தமிழ் இன்றும் வரையப்படுகிறது, நம் கண்ணுக்கு மறைவாக. வரிசையைத் திருப்பும் சிறு நிரல் ஒன்றை உறவினர் பிள்ளை ஒருவர் எழுதித் தந்தார். மாற்றம் ஒரு நொடியில் முடிந்தது. படித்துப் பார்த்தோம். "வெள்ளன எந்திரிச்சுப் பொட்டுக்குப் போவணும்" என்று இருந்தது. "பொட்டுல கிராணி பேரு கூப்பிடுவாரு" என்று இருந்தது.

தோட்டம் முழுதும் விடியற்காலையில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது! கொம்பு, பகரம், அடுத்து ரகரமோ காலோ தெரியாத ஓர் எண், பிறகு ட், டு. காலென்று கொண்டால் பொட்டு. ரகரமென்று கொண்டால் பெரட்டு. கறையான் தின்ற அட்டைகளில் அது பெரட்டுதான். எந்தச் சொல்லிலும் வராத ஙகர வரிசையைக் காப்பாற்றப் போய், எல்லாச் சொல்லிலும் வரும் ரகரத்தை இழந்திருந்தோம்.

சில விதிகள் உதவின. சொல்லின் முதலில் வருவது கால் ஆகாது. புள்ளி மெய்யின் பின்னும், இகரமோ உகரமோ ஏறிய எழுத்தின் பின்னும் வருவது ரகரமே. ஆகவே 'சிரட்டை' தப்பியது. ஐகாரக் குறியின் பின் வருவதும் ரகரமே; 'நிரை' தப்பியது. எஞ்சியவை அகரமேறிய மெய்யை அடுத்து வருபவை. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தோம். பெரும்பாலானவற்றைப் பொருளே தீர்த்தது. 'கரட்டுப் பக்கம்' என்பதா, 'காட்டுப் பக்கம்' என்பதா? தோட்டத்தில் வேலைநிலமே காடு. ஆனால் சேலத்து வழியினர் கல்மேட்டைக் கரடு என்பர். சொன்னவரின் பூர்வீகம் பதிவில் இருந்ததால் அதையும் தீர்த்தோம். ஒளகார இடர் ஓரிரு சொற்களோடு நின்றது.

ஒரு வாக்கியம் மட்டும் தீரவில்லை. "மரத்துக்கு ஆளில்லன்னு கங்காணி என்னயப் போட்டாரு" என்று படிக்கலாம். "மாத்துக்கு ஆளில்லன்னு" என்றும் படிக்கலாம். மாற்று என்பது தோட்டத்துப் பேச்சில் மாத்து. பால்வெட்டுத் தொழிலில் இரண்டும் பொருந்தும். சொன்ன அம்மையார் உயிரோடிருந்தார். தோட்டம் கைமாறிய பின் சிரம்பானில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று அறிந்து சென்றோம். எண்பதைக் கடந்தவர். நம்மை அடையாளம் கண்டு, "பேப்பரு வச்சிக்கிட்டுத் திரிஞ்ச தம்பிதானே நீங்க" என்றார். வாக்கியத்தை இருவிதமாகவும் படித்துக் காட்டினோம். எதைச் சொன்னீர்கள் அம்மா என்று கேட்டோம். சற்று நேரம் யோசித்தார்.

"மரத்துக்கு ஆளில்லன்னாத்தான் மாத்துக்கு ஆளு தேடுவாங்க. ரெண்டும் ஒண்ணுதானே தம்பி" என்றார். பிறகு, அன்றைக்குத் தமக்குப் பேறுகாலம் முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை என்றும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனதாகவும் சொன்னார். அது அட்டையில் இல்லாத செய்தி; குறித்துக்கொண்டோம். அப்பதிவை இரு வடிவத்திலும் தந்து, அவர் சொன்னதையும் கீழே சேர்த்திருக்கிறோம்.